கடை ஏற்பாடு செய்த கடனில் வாங்கிய ஃபிரிட்ஜ் பழுது: தவணையை நிறுத்தலாமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. 32,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ். முன்பணம் 8,000. மீதி 24,000 ரூபாய்க்குக் கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் கம்பெனிப் பிரதிநிதி கடன் போட்டுக் கொடுத்தார். மாதம் 2,000 வீதம் 12 தவணை, வட்டி இல்லை. 18ஆம் நாள் ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியது. சர்வீஸ் ஆள் இரண்டு முறை வந்து கேஸ் நிரப்பினார். சில நாளில் மறுபடியும் அதே நிலை. கடையில் கேட்டால் தயாரித்த கம்பெனியிடம் பேசச் சொல்கிறார்கள். கம்பெனியோ பழுது பார்ப்போம், மாற்றித் தர முடியாது என்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனி, பொருளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, 5ஆம் தேதி தவணையை எடுத்துக்கொள்வோம் என்கிறது. "ஓடாத ஃபிரிட்ஜுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? வங்கியில் சொல்லித் தவணையை நிறுத்திவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொருளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. அப்படித் திருப்பிக் கொடுத்தால் அதற்காக வாங்கிய கடன் என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. இரண்டாவதில் அவ்வளவு உறுதி இல்லை. அங்கேதான் பலர் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நான் வழக்கறிஞர் அல்ல. நுகர்வோர் அமைப்பு ஒன்றில் பல ஆண்டுகளாகப் புகார் மனு எழுதிக் கொடுத்து, நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உடன் போய் நிற்பவன். உங்கள் கடன் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: தவணையை நிறுத்தாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நிறுத்தாதீர்கள். கடையில் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் செய்தது இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். கடைக்காரரிடம் பொருள் வாங்கியது ஒன்று. ஃபைனான்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்கியது இன்னொன்று. பொருளைக் கொடுக்கலாம் என்று கடைக்கு டெலிவரி ஆர்டர் கொடுத்து, ஃபைனான்ஸ் கம்பெனி 24,000 ரூபாயைக் கடைக்குத் தந்திருக்கும். அதன் கண்ணில் நீங்கள் பணம் பெற்றுக்கொண்ட கடனாளி. வங்கிக் கணக்கிலிருந்து தவணை எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை ரத்து செய்தாலோ, கணக்கில் பணம் இல்லாமல் போனாலோ, வங்கி ஒரு கட்டணம், ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு கட்டணம், கூடவே சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் ஒரு கறை. பணமில்லாமல் தவணை திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, செக் திரும்பும் வழக்கைப் போலவே குற்ற வழக்கிற்கும் வழி வைத்திருக்கிறது. சிறிய தொகைக்கு எல்லோரும் அதுவரை போவதில்லை. ஆனால், மிரட்டலுக்கு ஓர் ஆயுதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் 'கடன் கொடுத்தவரும் பொறுப்பு' என்று எழுதியிருப்பதைப் பலர் காட்டுகிறார்கள். அது பிரிட்டன் சட்டம். அங்கே 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை விற்பவர் மூலம் ஏற்பாடான கடனில் வாங்கினால், பழுதுக்கு விற்றவரோடு கடன் கொடுத்தவரையும் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. இந்தியாவில் அதற்கு இணையான பிரிவு கிடையாது. தவணைமுறைக் கொள்முதலுக்கென்று 1972இல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமலேயே 2005இல் அது நீக்கப்பட்டது. தவணையில் வாங்கும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு இது பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இல்லாத சட்டத்தை நம்பித் தவணையை நிறுத்த முடியாது.

இருக்கிற சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 'முழுப் பணமும் கட்டாத நீங்கள் எப்படிக் கேட்கலாம்' என்று சில கடைகளில் வாய் கூசாமல் கேட்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இதற்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கிறது. பணம் முழுதும் கொடுத்தவர், கொடுப்பதாக உறுதி சொன்னவர், பாதி கொடுத்தவர், தவணைமுறையில் வாங்கியவர் எல்லோருமே அதன் 2(7) பிரிவின்படி நுகர்வோர்தான். வியாபாரத்திற்காக வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது; ஆனால் தன் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் பெட்டிக்கடை நடத்துபவர் அந்தக் கடைக்கு வாங்கிய ஃபிரிட்ஜுக்குப் பொருந்தும். அடுத்து, 2(47) பிரிவு. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் இந்தச் சட்டம் மறைந்துவிடாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவரை அந்த வரி தடுக்கலாம். ஓடாத பொருளோடு வருபவரைத் தடுக்காது.

அதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் உதவிக்கு வருகிறது: 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே அடங்கிய நிபந்தனை என்கிறது அதன் 16ஆவது பிரிவு. ஆகவே 'நாங்கள் தயாரிக்கவில்லை, விற்றோம், அவ்வளவுதான்' என்று கடை கை கழுவ முடியாது. அதே சட்டத்தின் 42ஆவது பிரிவில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பொருள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்திற்கு மேல் வைத்துக்கொண்டிருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதற்குப் பிறகு நஷ்ட ஈடு கேட்கலாமே தவிர, 'திருப்பி எடுத்துக்கொள்' என்று கேட்கும் பலம் குறைந்துவிடும். எத்தனை நாள் நியாயமான காலம் என்று சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. பொருளையும் சூழ்நிலையையும் பொறுத்தது. உங்கள் விஷயத்தில் 18ஆம் நாளே பழுது தெரிந்து, உடனே புகார் பதிவாகி, அவர்களே இரண்டு முறை ஆள் அனுப்பியிருக்கிறார்கள். எனவே காலம் கடந்துவிட்டது என்று அவர்கள் சொல்வது எடுபடாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் இன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஃபிரிட்ஜை வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்ற கவலை வேண்டாம். 43ஆவது பிரிவின்படி, மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும். கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வருவதைச் செய்யவே செய்யாதீர்கள். பல கடன் ஒப்பந்தங்களில் கடன் தீரும் வரை பொருள் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கும். ரசீது இல்லாமல் கைமாற்றினால் அவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

பழுதுக்கான சாட்சி எது என்பதில்தான் வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும். குறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாத நிலையில் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதற்குரிய கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். அந்தச் செலவையும் தாமதத்தையும் தவிர்ப்பது சர்வீஸ் ஆள் எழுதித் தரும் ஜாப் ஷீட்தான். ஆனால் நான் பார்க்கும் ஜாப் ஷீட்களில் பெரும்பாலானவற்றில் 'புகார் கவனிக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது. மாறாக அது கம்பெனிக்குச் சாட்சி. அடுத்த முறை அவர் வரும்போது, அவர் கண்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: வந்த தேதி, பொருளின் சீரியல் நம்பர், உள்ளே எத்தனை டிகிரி இருந்தது, கம்ப்ரசர் ஓடுகிறதா, கேஸ் கசிகிறதா, இதற்கு முன் எத்தனை முறை நிரப்பப்பட்டது. எழுத மறுத்தால், மறுத்தார் என்று அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். இன்னொன்று மிக முக்கியம். வேலை முடிந்ததும் உங்கள் கைபேசிக்கு வரும் நான்கு அல்லது ஆறு இலக்க எண்ணை அவர் கேட்பார். அதைச் சொன்ன நொடியில் 'புகார் தீர்ந்தது' என்று கம்பெனியின் கணினியில் பதிவாகிவிடும். தண்ணீர் உறைகிறதா என்று ஓர் இரவு பார்க்காமல் அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில் வந்து, இதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் அல்லது பின்புறம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று இன்றே பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடனுக்கு வருகிறேன். ஃபைனான்ஸ் கம்பெனி 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்பது பாதி உண்மை. பொருளின் பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பது நம் சட்டத்தில் பொதுவாக நிற்கிற வாதம். ஆனால் கடையோடு அவர்களுக்கு ஒப்பந்தமே இல்லை என்பது போல் பேசுவது பொய். வட்டியில்லாத் தவணை என்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் மறைக்கப்படுகிறது என்று சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்தது. இன்று நடப்பில் அந்த வட்டியைத் தயாரிப்பாளரோ கடையோ ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தருகிறது. அல்லது பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் உங்களிடமே வாங்குகிறார்கள். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும். ஆண்டு வட்டி வீதமும் எல்லாக் கட்டணங்களும் அதில் இருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. உங்களிடம் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டி, காப்பீடு என்று உங்களுக்குத் தெரியாமலே கடனில் சேர்த்த தொகைகள் பெரும்பாலும் அதில்தான் வெளிப்படும்.

டிஜிட்டல் முறையில் கொடுக்கும் கடனிலிருந்து அபராதமின்றி வெளியேற, ரிசர்வ் வங்கி விதிகள் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தருகின்றன. அது அசலைத் திருப்பிக் கட்டி வெளியேறும் வழி மட்டுமே. 18ஆம் நாள் பழுதான பொருளுக்கு அது பயன்படாது.

சரி, தவணையை நிறுத்தவும் முடியாது, பழுதையும் ஃபைனான்ஸ் கம்பெனி ஏற்காது என்றால் வழி என்ன? கடனை அடைத்து முடிக்கும் பொறுப்பைக் கடையின் தலையில் வையுங்கள். விற்பனை ரத்தாகும்போது கடை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி உங்கள் பில்லுக்கு எதிராக ஒரு கிரெடிட் நோட், அதாவது விற்பனை ரத்தானதைக் காட்டும் ஆவணம், போடலாம். வாங்கிய பணத்தை ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கலாம். அவர்கள் கடன் கணக்கை ரத்து செய்து, நீங்கள் கட்டிய தவணையை உங்களுக்குத் தரலாம். கடைகள் மனம் வைத்தால் நடக்கிற காரியம்தான். 'கடன் போட்டாயிற்று, இனி ரத்து செய்ய முடியாது' என்பதை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் இதுவரை ஒரு தவணை போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு வர வேண்டியது முன்பணம் 8,000, கட்டிய தவணை 2,000, பரிசீலனைக் கட்டணம், கடனில் சேர்த்த வாரண்டித் தொகை ஏதாவது இருந்தால் அதுவும். மீதமுள்ள 22,000 கடையிலிருந்து நேராக ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டும். 'பணத்துக்குப் பதில் எங்கள் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றால், பழைய கடன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். அதே மாடலில் புது ஃபிரிட்ஜ் தருகிறோம் என்றால் நல்லதுதான், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புதிய சீரியல் நம்பரோடு புது பில், புதிய தேதியிலிருந்து வாரண்டி, ஃபைனான்ஸ் கம்பெனியின் பதிவிலும் நம்பர் மாற்றம் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே பழையதைக் கொடுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கடைக்கு, தயாரிப்பாளருக்கு, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு என்று ஒரே கடிதத்தை மூவருக்கும் முகவரியிட்டு ஒப்புகையுடன் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்: "மேற்கண்ட பில்லின்படி வாங்கிய ஃபிரிட்ஜ் 18ஆம் நாளிலிருந்து குளிர்விக்கவில்லை. இருமுறை பழுது பார்த்தும் குறை நீங்கவில்லை. எனவே இந்தப் பொருளை ஏற்க மறுக்கிறேன். 15 நாட்களுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு, முன்பணத்தையும் கட்டிய தவணைகளையும் எனக்குத் திருப்பித் தந்து, கடன் கணக்கை உங்கள் செலவில் முடித்துத் தர வேண்டும். அதுவரை நான் கட்டும் தவணைகள் என் உரிமைக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் கட்டப்படுபவை." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து தவணை கட்டினாரே, அப்படியென்றால் பொருள் நன்றாகத்தானே இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்காமல் அந்த வரி பார்த்துக்கொள்ளும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. ஆனால் பெரிய கம்பெனிகள் அங்கிருந்து வரும் புகாருக்கு உள்ளூர்க் கடையை விட வேகமாக அசைகின்றன. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ருதி தளத்தின் வழியாகவும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில், தேவைப்படுவதை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கிறது. உங்கள் 12 தவணையும் முடிந்த பிறகு தீர்ப்பு வந்தாலும் வியப்பில்லை. அதற்காகத் தளராதீர்கள். கட்டியதெல்லாம் வட்டியோடு திரும்பக் கேட்க முடியும். ஃபிரிட்ஜில் வைத்த இன்சுலின் போன்ற மருந்து கெட்டுப்போயிருந்தால் பில்லோடு அதையும் சேருங்கள்.

மனுவில் கடையையும் தயாரிப்பாளரையும் மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, ஃபைனான்ஸ் கம்பெனியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள். அவர்களிடம் பழுதுக்கு நஷ்ட ஈடு கேட்காவிட்டாலும், கடையிலிருந்து பணம் வந்ததும் கணக்கை முடிக்கவும், அபராதம் போடாதிருக்கவும், சிபிலில் தவறாகப் பதியாதிருக்கவும் உத்தரவு வேண்டுமானால் அவர்கள் வழக்கில் இருக்க வேண்டும். வழக்கு முடியும் வரை தவணை வசூலை நிறுத்திவைக்கும்படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். இது கிடைக்குமா என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. கடைக்குள்ளேயே மேசை போட்டு, கடை ஊழியரை வைத்தே கடனை விற்ற ஃபைனான்ஸ் கம்பெனியை வேறு ஆளாகப் பார்க்க முடியாது என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை ஏற்கும் ஆணையமும் இருக்கும், இரண்டு ஒப்பந்தமும் வேறு வேறு என்று தள்ளும் ஆணையமும் இருக்கும். அந்த உத்தரவு கையில் வந்த பிறகு நிறுத்துங்கள். மனு போட்டாயிற்று என்பதற்காக நிறுத்தாதீர்கள். கடனைப் பற்றி உங்களிடம் பொய் சொல்லியிருந்தால், அதாவது வட்டியில்லை என்று சொல்லி வட்டி போட்டிருந்தாலோ, கேட்காத காப்பீட்டைச் சேர்த்திருந்தாலோ, அது வேறு விஷயம். அங்கே ஃபைனான்ஸ் கம்பெனி தன் முகவரின் செயலுக்கு நேரடியாகப் பொறுப்பு. அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் தக்க பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். ஃபிரிட்ஜ் ஏன் குளிரவில்லை என்பதை மட்டும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். அது அவர் எல்லைக்குள் வராது.

ஏற்கெனவே ஒரு தவணை தவறிவிட்டது என்றால், கட்டிவிட்டுத் தொடருங்கள். தவறிய தவணைக்கு அபராதக் கட்டணம் போடலாமே தவிர, அதை வட்டியோடு சேர்த்து அதன் மேலும் வட்டி போட முடியாது. 2024 ஏப்ரலிலிருந்து புதிய கடன்களுக்கு இந்த விதி நடப்பில் இருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உறவினருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் போன் செய்து அவமானப்படுத்தக் கூடாது. நடந்தால் தேதியும் நேரமும் குறித்து வையுங்கள்.

கிரெடிட் கார்டில் தவணையாக மாற்றி வாங்கியவர்களுக்கு ஒரு வரி: கார்டு கொடுத்த வங்கியிடம், குறையுள்ள பொருளைக் கடை திரும்பப் பெற மறுக்கிறது என்று பரிவர்த்தனையை ஆட்சேபிக்கும் வழி உங்களுக்குத் தனியாக உண்டு. அதற்குக் கால வரம்பு குறைவு, உடனே கேளுங்கள்.

கடை பொருளை எடுத்துக்கொண்டு கடனை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டால், அதோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். எடுத்துப் போனதற்குக் கையெழுத்திட்ட ரசீது, கிரெடிட் நோட்டின் நகல், கடன் ரத்தானதற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று ஆகியவற்றை வாங்குங்கள். சான்று கைக்கு வரும் வரை அடுத்த தவணைக்கான பணம் கணக்கில் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால் சிபிலிலும் ஃபைனான்ஸ் கம்பெனியிலும் திருத்தக் கோரிக்கை போடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கேட்டு வாங்குங்கள்.